திருத்தம் கேட்கும் படங்கள்

பழைய ஜப்பானிய அனிமேயின் சாயலில் ஒரு தமிழ்ப் பாட்டுக்கு வீடியோ செய்வது, இன்றைக்கு ஒரு மடிக்கணினியும் மாதச் சந்தாவும் இருந்தால் ஆகிற காரியம். என்ன காட்சி வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஏஐ ஒரு படம் போட்டுத் தருகிறது. அதை இன்னொரு செயலியில் ஏற்றினால் சில விநாடிகள் அசைகிறது. இப்படிச் சேர்த்த துண்டுகளைத் தாளத்துக்கு வெட்டி ஒட்டினால் ஒரு பாட்டின் நீளம் நிறைந்துவிடும். மாலை வெயில், ரயில்வே கேட், காற்றில் பறக்கும் கூந்தல், படத்தின்மேல் 1980களின் வீடியோ கேசட் இரைச்சல்: பாட்டு எந்த ஊருடையதானாலும் சாமான் இதுதான். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது பட்டப்பகல் திருட்டு. மறு கட்சிக்கு இது கையில் காசில்லாத கலைஞனுக்குக் கிடைத்த வரம். படம் போடுவது நேற்றுத்தான் வியாபாரமானது போல இரண்டு கட்சியும் பேசுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்ற காட்டுப்பகுதி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில், ஆர்டரின் பேரில் படம் போட்டுக் கொடுப்பது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுத் தொழில். வாயால் சொல்லி வரையவைப்பது, பிறர் பாணியைப் பார்த்துப் போடுவது, ஒரே படத்தை ஆயிரம் பேருக்கு விற்பது எல்லாம் இங்கே பழகிய சங்கதி. அந்தத் தொழிலுக்கென்று இரண்டு அளவுகோல் இருந்தன: பிசகு கண்டால் படத்தைத் திருப்பி அனுப்ப ஒரு கண், படத்தின் மூலையில் ஒரு பெயர். ஏஐ அனிமேயையும் அவற்றால்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில், இந்தப் ‘பழைய அனிமே’ என்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒசாமு தெசூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ அனிமே தொடர் தொடங்கியது. வாரம் ஓர் அத்தியாயம், அரை மணி நேரம். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம் ஓடும். டிஸ்னி போல அத்தனைக்கும் ஈடுகொடுத்து வரைய தெசூகாவின் ஸ்டூடியோவில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. மூன்று சட்டகத்துக்கு ஒரு படம் என்று குறைத்தார்கள். பல இடங்களில் அதுவும் கிடையாது. முகம் அப்படியே நிற்க வாய் மட்டும் அசையும். ஓடுகிறவன் ஒரே இடத்தில் காலை ஆட்ட, பின்னணி நகரும். ஒருமுறை வரைந்ததைப் பத்திரப்படுத்தி, வேறோர் அத்தியாயத்தில் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அசைவைக் குறைத்த இடத்தில் நிற்கிற முகத்துக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய கண்ணும், கண்ணில் மினுங்கும் ஒளியும், நீளும் மௌனமும் அந்த வேலையைச் செய்தன. இன்று ‘அனிமே உணர்ச்சி’ என்று ரசிக்கப்படும் அந்த நிதானத்தில் பாதிக்கு மேல் கைச்சுருக்கத்தின் பிள்ளை.

மீதிக்கும் கதை அதேதான். ஒளி ஊடுருவும் செல் தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம்; அடியில் போஸ்டர் வண்ணத்தில் தீட்டிய பின்னணி; இரண்டையும் அடுக்கி மேலிருந்து கேமராவில் ஒவ்வொரு சட்டகமாக எடுப்பார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்கு விலை குறைந்த 16 மில்லிமீட்டர் ஃபிலிம்தான். படத்தில் பொரியும் மணல் போன்ற துகள் அந்த ஃபிலிமுடையது. நகரத்து இரவில் நியான் விளக்கு கசிந்து பரவுகிறதே, அது கறுப்புத் தாளில் ஓட்டை போட்டு அடியிலிருந்து விளக்கைப் பாய்ச்சி, அதே ஃபிலிமில் இரண்டாம் முறை படமெடுத்த வித்தை. 1990களின் இறுதியில் கணினி வண்ணம் வந்ததும் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகச் செல்லைக் கைவிட்டன. ‘சசாயே-சான்’ தொடர் மட்டும் 2013 வரை பிடிவாதமாக இழுத்துக்கொண்டு வந்தது. ஆக ‘ரெட்ரோ’ என்று கேட்டு வாங்கும் ஒவ்வொரு குறியும் ஒரு பட்டறையில், ஒரு பற்றாக்குறையில் விழுந்த தழும்பு. ஏஐக்கு அந்தப் பற்றாக்குறை கிடையாது. வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கி உருவத்தைக் கொண்டுவருவதுதான் அதன் வழி. கடைசியில் நாம் கேட்டோம் என்பதற்காக ஃபிலிம் துகளை மறுபடி தூவித் தருகிறது. ஆனாலும் இந்தப் பாணி இயந்திரத்துக்கு இவ்வளவு பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. சட்டகத்துக்குச் சட்டகம் கோடும் நிழலும் சற்றே பிசகித் துடிப்பது ஏஐ அசைபடத்தின் பிறவிக் கோளாறு. மூன்று சட்டகத்துக்கு ஒரு படம் என்ற பழைய சிக்கனம் அந்தக் கோளாறை அழகாக மூடிவிடுகிறது. அன்று ஏழ்மையை மறைத்த உத்தி இன்று இயந்திரத்தின் நடுக்கத்தை மறைக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வரலாம். சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து கல்லச்சு வந்தது, பட்டாசு லேபிள் வந்தது, பிறகு காலண்டர் வந்தது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். நிழல் விழ வேண்டிய இடத்தில் கையாலேயே புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்தில் ஏறிவிடும். பழைய தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்கள் அந்தப் பிசகைத்தான் இப்போது பழமையின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். ஜப்பானுக்கு 16 மில்லிமீட்டர் எப்படியோ சிவகாசிக்கு நகர்ந்த கல் அப்படி. இந்த மாவட்டத்துக்குச் சொந்தமான ‘ரெட்ரோ’ ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அச்சகம் சிவகாசியில் இருந்தாலும் படம் வந்தது பெரும்பாலும் கோவில்பட்டியிலிருந்து. அங்கே இருந்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்; திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர்; பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதும் ஓவியராக ஊர் ஊராகச் சுற்றியவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அங்கேயே தங்கி தேவி ஆர்ட் ஸ்டூடியோவை வைத்தார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், செண்பகராமன் என்று ஒரு சீடர் கூட்டம் அவரைச் சுற்றி வளர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுப் பூசை அறைகளில் தொங்கிய முருகனுக்கும் மீனாட்சிக்கும் லட்சுமிக்கும் முகம் கொடுத்தது இந்தக் கூட்டம். அவர்கள் போட்ட சாமி நேராக நம்மைப் பார்க்கும்; உச்சி முதல் பாதம் வரை முழு உருவமாக, மேடை விளக்கு எதிரே இருப்பது போல வெளிச்சத்தில் நிற்கும்; பின்னால் மலை, அருவி, தாமரைக் குளம். அந்த அமைப்பு நாடகத் திரையிலிருந்து வந்தது. இவ்வளவு பச்சையும் நீரும் தீட்டப்பட்ட ஊரோ வானம் பார்த்த கரிசல் பூமி. கரிசலில் இருப்பவனுக்கு மலையும் அருவியும் மேற்கே தொலைவில் தெரிகிற ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டின் அடியில்தான் செண்பகத்தோப்பு.

இந்தத் தொழிலின் நடைமுறைதான் இங்கே முக்கியம். ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டு அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஜவுளிக்கடைக்காரர் ஏடுகளைப் புரட்டி, எண்ணைச் சொல்லி, கீழே கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் என்ன நிறத்தில் வர வேண்டும் என்பது வரை சொல்லிவிடுவார். ‘சரஸ்வதி, வெள்ளைப் புடவை, பக்கத்தில் மயில், பின்னால் மலை’ என்று ஓவியரிடம் பதிப்பாளர் கேட்டதற்கும் ஏஐயிடம் இன்று எழுதிக் கொடுக்கும் நாலு வரிக்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடுத்த கட்டத்தில் இருந்தது. கையில் இருக்க வேண்டிய ஆயுதம் இடம் மாறியிருந்தாலோ, வாகனம் பிசகியிருந்தாலோ, முகத்தில் களை இல்லை என்று தோன்றினாலோ படம் திருத்தத்துக்குப் போகும். காசு கொடுத்து வாங்கி, சூடம் காட்டிக் கும்பிடப்போகிறவர்கள் பிசகை ஏற்கமாட்டார்கள் என்ற பயம் வியாபாரத்துக்கு இருந்தது. அதோடு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கூலி கொடுத்து வரையவைத்த படத்துக்கு வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஓவியர் கையில் உரிமை தங்கவில்லை. தங்கியது மூலையில் போட்ட கையெழுத்து மட்டும். கொண்டைய ராஜுவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்து நிற்கும் படங்கள் உண்டு. சம்பளத்தோடு முடிந்துபோகிற ஓர் உறவில் அந்த இரண்டு பெயர்களும் பெரிய விஷயம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கொண்டைய ராஜு மட்டும் பாணியைக் கடன் வாங்கவில்லையா? ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் படங்கள், தஞ்சாவூர் ஓவியத்தின் நகைகள், ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தின் நிழல், நாடக மேடையின் தோரணை எல்லாம் அவரிடம் உண்டு. அது மட்டுமா, நாடகக் கம்பெனியில் தர்பார் படுதா, தெருப் படுதா, காட்டுப் படுதா என்று சிலதான் இருக்கும். வள்ளி தினைப்புனம் காத்தாலும் நளன் தமயந்தியை விட்டுப் போனாலும் அதே காட்டுப் படுதாதான் இறங்கும். அந்தப் பொதுக்காட்டுக்குக் கைதட்டிய நாம் ஏஐ தரும் பொதுக்காட்டைப் பழிப்பது என்ன நியாயம்? மறுப்பில் முதல் பாதி முழுக்கச் சரி. பார்த்து வரைவது குற்றமென்றால் இந்தத் தொழிலே குற்றம். ஆனால் பார்த்து வரைந்த கை அதைச் செய்ய ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. பழகும்போதே பழகுகிற ஊரின் சாயல் அதில் ஏறியது. ரவி வர்மாவின் லட்சுமியையும் கோவில்பட்டி லட்சுமியையும் பக்கத்தில் வைத்தால் யாரும் ஒன்றென்று சொல்லமாட்டார்கள். இரண்டாம் பாதிக்குப் பதில் வேறு. காட்டுப் படுதா தன்னை எந்த ஊர்க் காடென்றும் சொல்லிக்கொள்ளவில்லை. பார்க்கிறவனும் அதைத் திரைச்சீலை என்று தெரிந்தே பார்த்தான். ‘செண்பகத்தோப்பு’ என்று தலைப்பிட்டு ஜப்பானிய ஊசியிலை மரங்களைக் காட்டும் வீடியோ வேறு வகை. அது ஓர் ஊரின் பெயரைச் சொல்லி இன்னோர் ஊரைக் காட்டுகிறது.

கடன் வாங்கிய பாணியில் உள்ளூரை ஒழுங்காகக் காட்ட முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சாட்சி அனிமே வரலாற்றிலேயே இருக்கிறது. ஜப்பானியரான யூகோ சாகோ 1983இல் அலகாபாத் பக்கம் தொல்லியலாளர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர். ராமாயணம் அவரைப் பிடித்துக்கொள்ள, அதை அனிமே படமாக்க முனைந்தார். அயோத்தி விவகாரம் சூடேறிய காலமானதால் இந்திய அரசின் ஒத்துழைப்பு கிடைக்காமல், படம் ஜப்பானிலேயே உருவானது. கொய்ச்சி சசாகியும் இந்தியாவின் ராம் மோகனும் உடன் இயக்கினார்கள். வன்ராஜ் பாட்டியா இசை. சுமார் 450 ஓவியர்கள், கையால் வரைந்த ஏறக்குறைய ஒரு லட்சம் செல்கள். 1992இல் முடிந்த அந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது கோடு ஜப்பானியம், நடமாட்டம் இந்தியம் என்பது. வேட்டியை எப்படிக் கட்டுவது, கட்டிக்கொண்டு எப்படி நடப்பது, பெரியவர் காலில் விழுந்து ஆசி வாங்குவது எப்படி என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. வேட்டி கட்டியவன் படியேறும்போது கை தானாகக் கொசுவத்தைப் பிடிக்கும். அது யாராவது சொல்லித் தராமல் ஓவியனுக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அது மறுபடி திரைக்கு வந்தபோது முப்பது வருடப் பழைய கோடு உறுத்தவில்லை. எதிர்ச்சாட்சியும் உண்டு. நிப்பான் அனிமேஷன் 1989இல் எடுத்த ‘ஜங்கிள் புக்’ 1993இல் தூர்தர்ஷனில் இந்தியில் ஓடியபோது நம் பிள்ளைகள் பாஷை புரியாமலே மௌக்லியை நேசித்தார்கள். அந்தக் காடு மத்திய இந்தியாவின் சியோனி என்று பேர். பார்க்கையில் எங்கும் இருக்கக்கூடிய காடு. கதையின் வேகத்தில் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மூன்று நிமிடப் பாட்டில் கதை இல்லை, இடம்தான் கதை.

செண்பகத்தோப்பில் அந்த இடம் எதனால் ஆனது என்று கொஞ்சம் பார்த்தால் பிரச்சினை விளங்கும். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று இங்கே சரணாலயம் வந்தது; 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. இந்த அணில் முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணில் இல்லை; மேல்நாட்டுப் பூங்காக்களில் கடலை வாங்கித் தின்னும் சாம்பல் அணிலும் இல்லை. பூனையளவு உடம்பு, அதற்கு ஈடான வால், நரை தூவியது போன்ற மயிர். மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது, ஆகையால் கிளைகள் கோத்து நிற்கும் ஆற்றங்கரைக் காடு வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சில காடுகளில்தான் மிச்சம். இயந்திரம் கற்றது இணையத்தில் குவிந்த படங்களையும் அவற்றின் கீழே பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளையும். ஒரு கோடி முறை வந்த அணில் அதன் நினைவில் ஆழமாக இருக்கும். சில நூறு முறை வந்தது அதற்குள் கரைந்துபோகும். ஆண்டாளுக்கும் அதே கதி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குக் கொண்டை ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும். இடது தோளருகே கிளி. அந்தக் கிளியை நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள்: மரவள்ளி இலையை மடித்து உடம்பு, மாதுளம்பூவில் அலகு, மூங்கில் குச்சியில் கால். இலையின் நரம்பு தெரிகிற, மறுநாள் வாடிவிடுகிற பச்சை அது. ‘கிளியோடு நிற்கும் தேவி’ என்று கேட்டால் கிடைப்பது இறகுள்ள வெளிநாட்டுக் கிளி. ராஜபாளையம் நாய் 2005இல் தபால்தலையில் ஏறிய நாய். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இல்லாமல் வேறெதையும் அந்தப் பெயரில் இந்தப் பக்கத்துக்காரன் ஏற்கமாட்டான். இந்த மூன்று பிசகையும் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பழைய காலண்டர் வியாபாரத்தில் படத்தைத் திருப்பி அனுப்பிய அதே கண் போதும். இன்று அந்தக் கண் வேலைக்கு வருவதற்கு முன்பே வீடியோ வெளியாகிவிடுகிறது.

‘ஜப்பானின் 1980களை ஏங்குவதற்கு ராஜபாளையத்துப் பையனுக்கு என்ன பாத்தியதை, சிவகாசிப் படத்தை வைத்துக்கொள்ளட்டுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. சிவகாசிப் படத்தை நான் இவ்வளவு தூக்கிப் பேசியதால் நானும் அதைத்தான் சொல்கிறேன் என்று தோன்றலாம்; இல்லை. 2000களின் நடுவிலிருந்து ஷின்-சான் தமிழில் பேசியிருக்கிறான். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளில் கூட்டம் சேர்த்தது. இந்தத் தலைமுறைக்கு அனிமே வேற்றூர்ச் சரக்கே இல்லை. ஏக்கம் பிறக்க அந்தக் காலத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மரியா தாகேயூச்சி 1984இல் பாடிய ‘பிளாஸ்டிக் லவ்’ 2017க்குப் பிறகு யூடியூபில் உலகம் முழுக்கப் பரவியபோது கேட்டவர்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. செல் அனிமேஷனில் மூன்று நிமிடப் பாட்டு என்றால் பல நூறு படங்களை வரைய ஆள் வேண்டும். டாஃப்ட் பங்க் இசைக்குழு அனிமே ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோவைப் பிடித்து டோயி ஸ்டூடியோவில் ‘இன்டர்ஸ்டெல்லா 5555’ எடுக்க முடிந்தது. ஒரு பஞ்சு மில் தொழிலாளியின் மகன் தன் பாட்டுக்கு அப்படிச் செய்ய முடியுமா? முடியாது. அவனுக்கு ஏஐ உண்மையிலேயே ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. அந்த வாசலைச் சாத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோவில்பட்டிப் பட்டறையில் சேர்ந்த சீடர்களும் வசதியானவர்கள் அல்ல. அவர்களும் பிறர் செலவில்தான் படம் போட்டார்கள். வசதி இல்லை என்பது திருத்தத்திலிருந்தும் பெயர் போடுவதிலிருந்தும் அவர்களுக்கு விலக்குத் தரவில்லை.

பெயர் விஷயத்தில் பாட்டுத் துறை ஓவியத் துறையை முந்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2024இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டதையும் உரிய ஊதியம் கொடுத்ததையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமல் ஏஐ மூலம் பயன்படுத்தினார்கள் என்று ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படக்காரர்களுக்கு மகன் எஸ்.பி. சரண் சட்ட அறிவிப்பு அனுப்பினார். 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ ஏஐயால் மாற்றிய முடிவோடு மறுபடி வெளியானபோது தனுஷும் இயக்குநர் ஆனந்த் எல். ராயும் கண்டித்தார்கள். குரலுக்கு உடையவர் யார் என்பது கேட்டவுடன் தெரிகிறது. அதனால் வழக்கமும் சீக்கிரம் உருவாகிறது. கோட்டுக்கு உடையவர் யார்? 2023 பிப்ரவரியில் காரிடார் டிஜிட்டல் என்ற அமெரிக்கக் குழு தாங்களே நடித்த காட்சிகளை ஏஐயால் அனிமேயாக மாற்றிக் காட்டியது. அதற்குப் பயிற்சி கொடுத்தது ‘வாம்பயர் ஹண்டர் டி: பிளட்லஸ்ட்’ படத்தின் சட்டகங்களால். மெச்சியவர்களுக்குச் சமமாக வைதவர்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் நெட்ஃபிளிக்ஸ் ஜப்பான் வெளியிட்ட ‘தி டாக் அண்ட் தி பாய்’ குறும்படத்தில் பின்னணி ஓவியரின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏஐ என்றும், கூடவே ‘மனிதர்’ என்றும் போட்டார்கள். கொண்டைய ராஜுவோடு சீடரின் பெயரும் நின்ற மூலையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், ஒரு மனிதர் எவ்வளவு சின்னதாகிவிட்டார் என்பது உறைக்கும். ‘லோஃபை கேர்ள்’ கதை நேர் எதிர். அந்த யூடியூப் ஒலிபரப்பு முதலில் ஜிப்லி ஸ்டூடியோவின் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ படத்துப் பெண்ணையே எடுத்துப் போட்டிருந்தது. அது பதிப்புரிமைச் சிக்கலாக, ஹுவான் பாப்லோ மச்சாடோ என்ற ஓவியரிடம் புதுப்பெண்ணை வரையச் சொன்னார்கள். இன்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது பெண்தான்.

பெயர் இருந்தால் என்ன லாபம் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் 11 நிலையும் 192 அடியும் கொண்ட தங்கள் கோபுரம் என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது; பாடப்புத்தகம் முதல் பேருந்து நிலையப் பேச்சு வரை அதுதான். ஆனால் முத்திரையை வரைந்தவர் ஆர். கிருஷ்ணா ராவ் என்ற ஓவியர்; மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்ததாக அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. கோடாகச் சுருக்கிய கோபுரத்தைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்வது கடினம். சண்டை வந்தபோது கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் விஷயம். ஊர்க்காரர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. அந்த உரிமையும் அவர்களுக்கு உண்டு. பெயரில்லாமல் ஏஐ போட்டுத் தரும் ஒரு கோபுரத்தைப் பற்றி நாளை இப்படி ஒரு வழக்கு வந்தால், இயந்திரத்திடம் போய் எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்க முடியாது. அதற்கே தெரியாது.

இயந்திரத்தை ஓட்டுகிறவர் தன் பெயரைப் போட்டால் போதாதா என்பது கடைசியாக எஞ்சும் கேள்வி. போட வேண்டும், ஆனால் தனியாக அல்ல. கோவில்பட்டியில் குருவும் சீடரும் சேர்ந்து போட்டது போல, எந்தத் தொடரின் எந்த ஓவியர் சாயலைக் கேட்டு வாங்கினோம் என்பதையும் ஊர் விவரத்தைத் திருத்தியவர் யார் என்பதையும் சேர்த்துப் போட்டால்தான் கணக்கு நேராகும். செண்பகத்தோப்பைப் பொறுத்தவரை திருத்தக்கூடியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் வாழும் பளியர் பழங்குடியினருக்கு எந்த மரத்தில் எப்போது பூ, எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர், அணில் எந்த உயரத்தில் கூடு கட்டும் என்பது தெரியும்; ஆண்டாளின் கிளியைக் கட்டுகிறவர்களுக்கு இலையின் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பது தெரியும். புலிகள் காப்பகமாகிவிட்ட காட்டுக்குள் யாரும் நினைத்தபோது போய்ப் பார்த்துவிட முடியாது என்பதால் அவர்கள் கண்ணுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். ஏஐ வந்ததால் வரைகிற கூலி மிச்சமாகிறது. சந்தா போக மிஞ்சும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, படத்தை உட்கார்ந்து பார்த்து ‘இது எங்க ஊர் அணில் இல்லையே தம்பி’ என்று சொல்கிறவருக்குப் போக வேண்டும். சிவகாசியில் திருத்தத்துக்கு ஆன செலவைப் படத்தின் விலையிலேயே சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள்.